இருபதுக்கு மேல ஒண்ணு

...அதெல்லாம் வேணாம் தம்பி. தண்ணியும் வேணாம், காப்பியும் வேணாம். காப்பியக் குடுத்தே ஆள அனுப்புற வித்தையெல்லாம் எனக்குத் தெரியும். போன மாசம் இதே ஸ்டூல்ல உக்காந்து ரெண்டு காப்பி குடிச்சேன். விலை குறையல, அன்னைக்கு ராத்திரி என் தூக்கந்தான் குறைஞ்சுது. அன்னைக்கு இருந்த அந்தக் கண்ணாடிக்காரப் பொண்ணு எங்க? லீவா? நல்லதாப் போச்சு. எவ்ளோம்மா குறைப்பீங்கன்னு ஒரே ஒரு வார்த்த கேட்டேன். என்னமோ அதோட சம்பளத்தக் கேட்டுட்ட மாதிரி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிச்சு. "கம்பெனி ரூல் மேடம்." ரூலாம் ரூலு!

நீங்க மேனேஜரா? ம்ம்... தலைய மட்டும் ஆட்டுறீங்க. வாயத் தொறந்தா விலை குறைஞ்சிரும்னு பயமா? சரி, பேசாதீங்க. எனக்கும் பேசுற ஆள விட கேக்குற ஆளுதான் இப்ப வேணும். அதோ, அந்த வாட்ச்சு, நீல டயல், ஸ்டீல் செயின்... ஆங், அதேதான். வெளிய எடுங்க. என்னாத்துக்கு வெள்ளக் கையுறை? ஆபரேஷனா பண்ணப் போறீங்க?

அங்க சோபா மூலையில ஒருத்தர் உக்காந்திருக்காரே, அவரு என் வீட்டுக்காரரு. அவரக் கண்டுக்காதீங்க. என்னங்க! நீங்க அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க! என்னைப் பாக்காதீங்க! ...ஏன் திரும்பி உக்காரச் சொல்றேன்னா, அது ஒரு வயித்தெரிச்சல். வரேன், வரேன், அதுக்கு வரேன்.

எல்லாம் என் நாத்தனாரால வந்த வினை தம்பி. அவரோட தங்கச்சி. ரெண்டு மாசம் முன்னாடி வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டா. போனோம். சாப்பாட்ட எங்க கவனிக்க? குழம்பு ஊத்த வந்தாலும் எடது கை முன்னாடி வருது, தண்ணி வெக்க வந்தாலும் எடது கை முன்னாடி வருது. பாத்தா, இதே வாட்ச்சு. இதே நீலம். சரி, நல்லாருக்குன்னு சொல்லித் தொலைச்சேன். அவ்ளோதான்! "அண்ணி, இருபது பர்சென்ட் குறைச்சு வாங்குனேன் அண்ணி! இந்த வாட்ச்சுக்கு ஊர்ல யாருக்கும் குறைக்க மாட்டாங்க அண்ணி!" எந்தக் கடைன்னு கேட்டா சிரிக்கிறா. "என் கடைக்காரரு"ங்கிறா. ஏதோ கூடப் பொறந்தவன் மாதிரி!

அதோட விட்டாளா? நான் நம்பலன்னு மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிட்டா. போன எடுத்து மேஜை மேல வெச்சு, ஸ்பீக்கர்ல போட்டு, அந்தக் கடைக்காரனயே கூப்பிட்டா. "சார், எனக்கு இருபது குடுத்தீங்கள்ல?" அந்தப் பக்கத்துலேருந்து ஒருத்தன் கொழையிறான் பாருங்க... "ஆமா மேடம், உங்களுக்காக மட்டும் மேடம்"னு. சக்கரப் பாகுக் குரலு! கையில எடுத்த சோத்த அப்படியே தட்டுல போட்டுட்டேன்.

அதுவும் போகட்டும். நான் அந்த வாட்ச்ச லேசாத் தொட்டுப் பாத்தேன் தம்பி. தொட்டுத்தான் பாத்தேன். கைய நகத்திக்கிட்டுச் சொல்றா, "உங்களுக்கெதுக்கு அண்ணி இதெல்லாம்? சலவைக் கடையிலதான் சுவத்துல பெரிய கடிகாரம் மாட்டியிருக்கீங்களே." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. இந்தா, சோபாவுல உக்காந்திருக்காரே, அவருந்தான் சிரிச்சாரு.

எனக்கு வலிச்சுது தம்பி. இல்லன்னு சொல்ல மாட்டேன், ரொம்ப வலிச்சுது. என் கையப் பாருங்க. கல்யாணமான வருஷத்துலேருந்து நீராவியில வெந்த கை இது. இஸ்திரி மிஷின் பக்கத்துல நின்னா வாட்ச் கட்ட முடியாது, கட்டுனா உள்ள வேர்த்துப் போயிரும். வளையல்கூட சூடேறும். கட்டிக்கத் தெரியாம இல்ல, கட்டிக்க நேரமில்லாமப் போச்சு. அத அவ மேஜையில வெச்சுச் சிரிப்பாக்கிட்டா.

அன்னைக்கே முடிவு பண்ணேன். அதே வாட்ச்சு, இருபத்தொண்ணு பர்சென்ட் குறைச்சு! வாட்ச் ஒண்ணும் எனக்குப் பெருசில்ல. அந்த ஒண்ணு இருக்கு பாருங்க, இருபதுக்கு மேல ஒரு ஒண்ணு, அதுதான் வேணும்.

அதுக்கு நான் ஏறாத படி இல்ல. மொதல்ல உங்க கடை. ரூலு, காப்பி, அந்தக் கதைதான் சொல்லிட்டேனே. அப்புறம் அந்தப் பெரிய மாலு. மூணாவது மாடிக்குப் போறதுக்குள்ள சென்ட் வாசனையில மூச்சு முட்டிருச்சு. அங்க ஒருத்தி பல்லு முப்பத்திரெண்டும் தெரிய, "பதினெட்டு பர்சென்ட் மேடம்!"னா. அட, நெருங்கிட்டோமேன்னு உக்காந்தேன். அப்புறந்தான் சொல்றா, அது காசு இல்லையாம், பாயிண்ட்டாம். அந்தப் பாயிண்ட்ட வெச்சு அஞ்சாவது மாடியில வாணலி வாங்கிக்கலாமாம். என் வீட்டுக்கு எத்தன வாணலி வேணும் தம்பி? நாத்தனார் முன்னாடி கைய நீட்டி வாணலியவா காட்டுறது?

ஆன்லைன்லயும் பாத்துட்டேன். "வணக்கம், நான் எப்படி உதவட்டும்"னு ஒரு பொண்ணு பேருல எழுத்து வந்துச்சு. நானும் யாரோ ஒரு பொண்ணுதான் பேசுதுன்னு நெனச்சு எல்லாத்தையும் கொட்டிட்டேன். கடைக் கஷ்டம், நாத்தனாரு, அந்தச் சுவத்துக் கடிகாரம், எல்லாம். பொறுமையாக் கேட்டுச்சு. "உங்கள் சிரமம் புரிகிறது"ன்னுச்சு. என் வீட்ல யாரும் அப்படிச் சொன்னதில்ல தம்பி. கடைசில "எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார்"னு கேட்டப்பத்தான் அது மிஷின்னு தெரிஞ்சுது. குறைச்சுதான்னு கேக்குறீங்களா? ஒரு பைசா குறைக்கல. ஆனா அஞ்சு ஸ்டாரும் குடுத்துட்டேன். என்ன பண்றது, கேட்டுச்சில்ல!

இப்ப வரேன் அந்த வயித்தெரிச்சலுக்கு. யாரோ சொன்னாங்கன்னு ஒரு ஆளத் தேடிப் போனேன். பேங்க்குக்கு மேல ரெண்டாவது மாடி. போர்டு கிடையாது. ஷட்டர் பாதிதான் தொறந்திருக்கு, குனிஞ்சு போகணும். உள்ள ஒரு வழுக்கத் தலை, மேஜை மேல மூணு போனு. எல்லாம் புதுசுதான், பிளாஸ்டிக்கூடப் பிரிக்கல. கம்பெனி கடைங்களுக்குப் போகாம வேற வழியில வந்த சரக்கு. அதனால கம்பெனி வாரண்டி இல்லையாம். "என் வாரண்டி இருக்கும்மா, நான் இருக்கேன்ல"ங்கிறாரு. நீங்க இருப்பீங்க, கடை இருக்குமான்னு கேட்டேன். சிரிச்சிட்டாரு. சிரிச்சாலே குறைப்பாங்க தம்பி, அது எனக்குத் தெரியும். நான் சிரிக்கவே மாட்டேன்.

பேரம்னா அதுக்கு மொற இருக்கில்ல? வேண்டியதப் பாக்காம பக்கத்துல உள்ளதப் பாக்கணும். அவர் சொல்ற விலையக் கேட்டதும் மூச்ச இழுத்து விடணும். அப்புறம் என் வீட்டுக்காரரு. நான் காதத் தொட்டா அவர் எந்திரிச்சு, "வேணாம், வா போலாம்"னு சொல்லணும். வீட்ல வெச்சு நாலு நாள் பழக்குனேன் அந்த மனுஷன. நாற்காலியில உக்கார வெச்சு, காதத் தொட்டு, எந்திரிக்க வெச்சு... பாதி நேரம் டிவியப் பாத்துக்கிட்டு இருப்பாரு.

பன்னெண்டுல ஆரம்பிச்சாரு வழுக்கத் தலை. மூச்சு விட்டேன், பதினஞ்சு. வேற வாட்ச்சப் பாத்தேன், பதினெட்டு. பையத் தூக்கித் தோள்ல மாட்டுனேன், இருபது! "அம்மா, இதுக்கு மேல என் கைக்காசும்மா." நான் அசையல. இருபத்தொண்ணுன்னேன். "ஒரு பர்சென்ட்டுல என்னம்மா இருக்கு?"ன்னாரு. என் மானம் இருக்குய்யான்னேன். ஒரு பெருமூச்சு விட்டாரு. கால்குலேட்டர எடுத்தாரு. தட்டுனாரு. வாயத் தொறந்து "இருபத்..."ங்கிறாரு. தம்பி, சத்தியமாச் சொல்றேன், அந்த நேரம் பாத்து எனக்குக் காது அரிச்சுது. நெஜமாவே அரிச்சுது! கை தானாப் போயிருச்சு.

எந்திரிச்சிட்டாரு தம்பி! "வேணாம். வா, போலாம்." சொல்லிட்டு நிக்கவும் இல்ல, குனிஞ்சு ஷட்டரத் தாண்டி படியில எறங்கியே போயிட்டாரு. கட்டிக்கிட்ட நாள்லேருந்து சொன்னதச் சொன்ன நேரத்துல அவர் செஞ்சது அந்த ஒரு தடவதான். நான் என்ன பண்ணுவேன்? உக்காந்திருந்தா கேவலம். பின்னாடியே போனேன்.

கீழ போயி, "கண்ணாடிய விட்டுட்டேன்"னு திரும்ப ஏறுனேன். கண்ணாடி என் தலை மேலதான் இருந்துச்சு. வழுக்கத் தலை அதப் பாத்தாரு. "பதினஞ்சு"ன்னாரு. ஏய்யா, இருபத்தொண்ணு சொல்ல வந்தீங்களேன்னா, "திரும்பி வந்தீங்கள்ல"ன்னாரு. அதுக்கு மேல பேச்சே இல்ல. நானும் சண்டை போடாம எறங்கி வந்துட்டேன். ஏன்னா என் கடையில நானும் அதத்தான் பண்றேன். அங்க இங்க அலைஞ்சிட்டுத் திரும்பி வர்றவங்க சட்டையெல்லாம் அடியிலதான் போடுவேன். 'ஒரே விலை, பேரம் பேசாதீர்'னு இவ்ளோ பெரிய எழுத்துல எழுதி மாட்டியிருக்கேன். எவனாவது ரெண்டு சட்டைக்குக் குறைக்கச் சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வரும்!

சிரிக்கிறீங்களா? சிரிங்க. சிரிச்சாக் குறைப்பீங்கன்னா சிரிங்க.

...குறைக்க மாட்டீங்க. தெரியும். சும்மா கேட்டேன்.

சரி, விஷயத்துக்கு வரேன். இன்னைக்குக் காலையில அவ போன் பண்ணுனா. "அண்ணி, ராத்திரி சாப்பிட வந்துருங்க. வாட்ச்சு தேடுறீங்களாமே, அண்ணன் சொன்னாரு. கிடைச்சுதா? எவ்ளோ குறைச்சாங்க? சொல்ல ஒரு மாதிரி இருந்தா வேணாம் அண்ணி, விடுங்க." அந்த 'விடுங்க' இருக்கே... வாங்கியாச்சுன்னுட்டேன்! இருபத்தொண்ணு குறைச்சுன்னுட்டேன்! அந்தப் பக்கம் சத்தமே இல்ல தம்பி. மூச்சு கூட இல்ல. அந்த ஒரு நிமிஷத்துக்கே முழு விலை குடுக்கலாம்.

குடுக்கத்தான் போறேன். வேற என்ன வழி? ராத்திரி கையில வாட்ச் இருந்தாகணும். புது இஸ்திரி மிஷினுக்குன்னு சேத்த பணம்... பழைய மிஷின் இன்னும் ஒரு வருஷம் இழுக்கும். இழுக்கும்னுதான் நெனைக்கிறேன். இந்தாங்க கார்டு. முழு விலைக்கே போடுங்க. முழு விலை! இத வாயால சொல்றதுக்குள்ள எனக்கு நாக்கு வறண்டு போச்சு. அந்தத் தண்ணியக் குடுங்க.

ஆனா எனக்கொரு உதவி பண்ணணும் நீங்க. ராத்திரி அவ விட மாட்டா. "எந்தக் கடை அண்ணி, போன் போடுங்க, ஸ்பீக்கர்ல போடுங்க"ம்பா. நான் போடுவேன். நீங்க எடுத்து, "ஆமா, இருபத்தொண்ணு குடுத்தோம்"னு சொல்லணும். அவ்ளோதான். பொய்யின்னு நெனைக்காதீங்க, காப்பிக்குப் பதிலா குடுத்ததா நெனச்சுக்குங்க. சொல்வீங்களா? தலையாட்டுனாப் பத்தாது! எங்க, ஒரு தடவ சொல்லிக் காட்டுங்க. நாந்தான் அவன்னு வெச்சுக்குங்க. "ஹலோ, எங்க அண்ணிக்கு இருபத்தொண்ணு குடுத்தீங்களாமே?" ம்... வெக்கப்படாமச் சொல்லுங்க.

...

என்ன சொன்னீங்க?

இன்னொரு தடவ சொல்லுங்க. மெதுவா. அந்தக் கடைசில வந்துச்சே, அத.

"உங்க அண்ணிக்காக மட்டும் மேடம்."

ஐயய்யோ! சக்கரப் பாகு! நீங்கதானாய்யா அது?

அப்ப இந்தக் கடைதானா! இங்கதான் வாங்குனாளா அவ! அவளுக்கு இருபது குடுத்துட்டு எனக்கு மட்டும் ரூலு, காப்பின்னு... என்ன? என்ன தலையாட்டுறீங்க? குடுக்கலையா? இருபது குடுக்கலையா? பின்ன எவ்ளோ... ஒண்ணுமே இல்லையா? முழு விலையா? அவளுமா?

இதே ஸ்டூல்லயா உக்காந்தா? ஒரு தடவ சொல்லிக் காட்டச் சொன்னாளா? ...ரெண்டு தடவயா!

அடியே! அடியே என் நாத்தனாரே! எனக்குச் சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல தம்பி. நான் அந்த இருபதுக்காக ரெண்டு மாடி ஏறி, வாணலிக்கும் வழுக்கத் தலைக்கும் நடுவுல செத்து... இல்லாத இருபதுக்கு மேல ஒண்ணு தேடியிருக்கேன்! அவளும் எங்கெங்க அலைஞ்சாளோ, எவன் எவன் அவளத் திருப்பி அனுப்புனானோ. பாவந்தான். அதுக்காக அந்தச் சுவத்துக் கடிகாரத்த நான் மறந்துருவேனா என்ன?

இருங்க, இருங்க. கார்டு போட்டுட்டீங்களா? போடுங்க, அது கிடக்கட்டும். ராத்திரி உங்க குரலக் கேட்டதும் அவளுக்கும் தெரிஞ்சிருமே? அதே கடை, அதே ஆளு... நானும் முழு விலைதான்னு தெரிஞ்சிருமே!

தெரிஞ்சு?

தெரிஞ்சு என்ன பண்ணுவா? வாயத் தொறந்தா அவ இருபதும் சேந்துல்ல போகும்! மேஜையச் சுத்தி எல்லாரும் உக்காந்திருக்க, குழம்புக் கரண்டியக் கையில வெச்சுக்கிட்டு, கேட்டுக்கிட்டே நிக்க வேண்டியதுதான்.

ஐயோ, என்னங்க, நீங்க உக்காருங்க! நான் காதுல தோட்டத்தான் சரி பண்ணேன்! போலாம்னு யாரு சொன்னா? உக்காருங்க!

தம்பி, இருபத்தொண்ணு வேணாம். முப்பதுன்னு சொல்லுங்க. நல்லா சத்தமா, நிறுத்தி நிதானமா. சிரிச்சுத் தொலைக்காதீங்க. அந்தக் குரல மட்டும் மாத்திராதீங்க.