லேபிள் கிழித்த போத்தல்கள்

அவைக்குத் தலைமை தாங்கும் எங்கள் மாதர் சங்கத் தலைவி, மதிப்புக்குரிய கௌசலா அக்கா அவர்களே, அழைத்த மறுநாளே வந்து எங்கள் நடுவில் அமர்ந்திருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வினோதன் ஐயா அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, வயற்சேறு காயுமுன்னே ஓடிவந்த தாய்மார்களே, கதிரை கிடைக்காமல் சுவரோடு ஒட்டி நிற்கும் சகோதரர்களே, இந்தப் பொதுநோக்கு மண்டபத்துக்குள் கால்வைக்கப் பயந்து, வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்று கேட்பவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். வெளியே நிற்பவர்களுக்கு இன்னும் ஒரு வணக்கம். ஏனென்றால் உள்ளே நிற்கிறேனே தவிர, நானும் உங்களைப் போலப் பயந்துதான் நிற்கிறேன்.

என் பெயர் சுமித்திரா. நம் மகளிர் உற்பத்திக் குழுவின் செயலாளர். முருங்கையிலையை நிழலில் உலர்த்தி, இடித்து, அரித்து, போத்தலில் அடைத்து, லேபிள் ஒட்டும் இருபத்திரண்டு பெண்களில் ஒருத்தி. புதிய ஒழுங்குவிதியை எதிர்த்துப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். பேசுவேன். ஆனால் அதற்கு முன்னால் என் தொண்டையில் மூன்று போத்தல்கள் நிற்கின்றன. அவற்றை எடுத்துவைக்காமல் என்னால் வேறெதையும் பேச முடியாது.

அந்த ஒழுங்குவிதி என்ன சொல்கிறது? வருகிற முதலாம் திகதி தொடக்கம், பதிவு இலக்கம் இல்லாத மூலிகைப் பொடியோ எண்ணெயோ விற்கக் கூடாது, விற்பதற்காக வைத்திருக்கவும் கூடாது. பதிவுக்கு ஆய்வுகூட அறிக்கை வேண்டும். ஆய்வுகூடம் கொழும்பில். விண்ணப்பப் படிவம் பதினாறு பக்கம். அதில் எங்கள் மொழியில் இருப்பது தலைப்பு மட்டும்.

பயம் வராதா? வந்தது. எப்படி வந்தது தெரியுமா? மோட்டார் சைக்கிளில் வந்தது.

முல்லைத்தீவிலிருந்து தேனும் கருஞ்சீரக எண்ணெயும் கொண்டுவரும் முத்தலிப் நானாவை எல்லோருக்கும் தெரியும். இரண்டு கிழமைக்கு முன் ஒரு மத்தியானம், நாங்கள் பொடி இடிக்கும் கொட்டில் வாசலில் வந்து நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"பிள்ளை, வவுனியாவில கடையளுக்குள்ள பூந்திட்டாங்களாம். லேபிள் ஒட்டின சாமான் எல்லாத்தையும் அள்ளி ஏத்துறாங்களாம். ஆர் செய்ததெண்டு லேபிளைப் பாத்து வீடு தேடி வருவாங்களாம்."

"நீங்கள் கண்டனீங்களோ நானா?"

"கண்டா நான் இஞ்ச நிப்பனா? கேள்விப்பட்டனான்."

கேள்விப்பட்டார். அவ்வளவுதான். ஆனால் எங்களுக்கு அது போதும். ஒரு வாகனம் வருகிறது என்றால், ஒரு பட்டியல் இருக்கிறது என்றால், அதில் ஒரு பெயர் இருக்கிறது என்றால், கை தானாக வேலை செய்யத் தொடங்கிவிடும்.

என்ன ஆண்டியப்பன் அண்ணன்? சத்தமாகச் சொல்லுங்கோ. "நாங்க பொதைக்காத சாமானா தங்கச்சி!" என்கிறார். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உண்மைதானே. சண்டைக் காலத்தில் தையல் மெசினைப் புதைத்தோம். கலியாண அல்பத்தை உரப்பையில் சுற்றிப் புதைத்தோம். படத்தில் இருந்த முகத்தை மட்டும் வெட்டி எடுத்து எரித்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டோம். அடையாளம் ஆபத்து. அடையாளம் இல்லாவிட்டால் உயிர் மிஞ்சும். அப்படித்தான் நாங்கள் தப்பினோம். அப்படித்தான் இன்று இந்தக் கதிரைகளில் இருக்கிறோம்.

அதனால்தான், பெரியோர்களே, அன்று பின்னேரம் இந்த நாட்டில் வேறு எந்த ஊர்ச் சனமும் செய்யாத ஒன்றை நாங்கள் செய்தோம். போத்தல்களை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்தோம்.

யார் சொன்னது?

நான் சொன்னேன்.

பல்கலைக்கழகம் போய்வந்தவள். அரசாங்க வர்த்தமானி அறிவித்தலைத் தொலைபேசியில் இறக்கி வாசித்தவள். 'வைத்திருக்கக் கூடாது' என்ற சொற்களைக் கண்டேன். அதற்கு முன்னால் 'விற்பதற்காக' என்று நின்ற சொல்லை என் கண் தாண்டிப் போனது. வீட்டில் தன் தேவைக்கு வைத்திருப்பவரை அந்த விதி தொடவே இல்லை. அதை அன்று நான் வாசிக்கவில்லை. என் பயம் வாசித்தது. பயம் எப்போதும் பாதி வசனம்தான் வாசிக்கும்.

எங்களிடம் இரண்டு பொடிகள். ஒன்று முருங்கையிலை. இரத்தம் குறைந்தவர்கள் கஞ்சியில் கலந்து குடிப்பது. மற்றது குறிஞ்சா, சிறுகுறிஞ்சான் இலை. இரத்தத்தில் சீனி கூடிய சலரோகக்காரர் கேட்டு வாங்குவது. இரண்டும் பச்சை. இரண்டும் ஒரே அளவுப் போத்தல். இரண்டுக்கும் ஒரே சிவப்பு மூடி. இரண்டையும் வேறாக்கியது ஒன்றே ஒன்று, நாங்கள் சுரண்டி எடுத்த அந்தக் கடதாசித் துண்டு.

இருட்டுமுன் வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுத்தோம். நெல்லுப் பெட்டிக்குள், அலுமாரிக்குப் பின்னால், கோழிக்கூட்டின் கூரையில். ஊரே ஒளித்தது. ஒழுங்காக ஒளித்தது. ஒளிப்பதில் எங்களுக்கு நிகர் யார்?

மீனம்மா அக்கா தன் பங்கு இரண்டு போத்தலையும் குசினித் தட்டில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். பளைத் தோட்டங்களில் கச்சான் கடலை பிடுங்கப் போய்வருகிறவர். இரத்தம் குறைவு, முருங்கைப் பொடி குடிப்பவர். சீனி வருத்தமும் இருந்தது, அதற்கு ஆஸ்பத்திரிக் குளிசை. காலையில் குளிசை, பிறகு கஞ்சியில் மூன்று கரண்டி பொடி. அவர் குடித்தது முருங்கை அல்ல. குறிஞ்சா. குளிசையும் சீனியைக் குறைத்தது, பொடியும் சீனியைக் குறைத்தது.

நான்காம் நாள் காலை. மகள் சிவரூபி தேத்தண்ணி கொடுக்கிறாள். தாய் ஒரு மிடறு குடித்துவிட்டுத் துப்புகிறார்.

"ஏன்டி, சீனி போடலையா? மண்ணள்ளிப் போட்ட மாதிரி கெடக்கு."

"மூண்டு கரண்டி போட்டனான் அம்மா."

"பொய் சொல்லாத. சீனி வெல ஏறினா எனக்கு மண்ணு குடுப்பியா?"

தாயும் மகளும் சிரித்திருக்கிறார்கள். சிரித்திருக்கிறார்கள், சகோதரிகளே! குறிஞ்சா நாக்கில் பட்டால் இனிப்பு செத்துப்போகும். அது எங்கள் இருபத்திரண்டு பேருக்கும் தெரியும். மீனம்மா அக்காவுக்கும் சிவரூபிக்கும் தெரியாது. அவள் கையில் லேபிள் இல்லாத போத்தல்தான் இருந்தது. அந்தத் தேத்தண்ணியைக் குடித்திருந்தாலாவது கொஞ்சச் சீனி உள்ளே போயிருக்கும். அதையும் முற்றத்தில் ஊற்றினார்கள்.

பத்து மணிக்கு மீனம்மா அக்கா கிணற்றடியில் விழுந்து கிடந்தார். வேர்த்து, விறைத்து, கண் சொருகி.

ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றினார்கள். சீனி ஏறியது. மறுபடி இறங்கியது. ஏன் இறங்குகிறது என்று டொக்டருக்கு விளங்கவில்லை. "குளிசையை விட வேற என்ன குடுத்தனீங்கள்? நாட்டு மருந்து ஏதும்?" என்று சிவரூபியைக் கேட்டார்.

சிவரூபி என்ன சொன்னாள்?

"ஒண்டும் குடுக்கேல்லை டொக்டர்."

அவளைக் குற்றம் சொல்லாதீர்கள். அந்தச் சுவரில் ஒரு சுவரொட்டி இருந்ததாம், பதிவில்லாத மருந்து தண்டனைக்குரியது என்று. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு வெளியே போய் எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"சுமி அக்கா, நான் சொல்லட்டோ?"

தாய்மார்களே, நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'ஓடிப் போய்ச் சொல்லு' என்றல்லவா? 'போத்தலையும் கொண்டுபோ' என்றல்லவா?

"பொறு. யோசிப்பம்" என்றேன்.

யோசித்தேன். எதை? குழுவின் பெயரை. இருபத்திரண்டு பெண்களின் கொட்டிலை. என் கையொப்பத்தை. முக்கால் மணி நேரம். பிறகு நானே வார்ட்டுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். டொக்டர் ஏசவில்லை. பொலிசைக் கூப்பிடவில்லை. "இதைக் காலமையே சொல்லியிருக்கலாமே" என்றார், அவ்வளவுதான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மீனம்மா அக்கா உயிரோடு இருக்கிறார். மூன்றாம் நாள் கண் திறந்தார். மகளைப் பார்த்து, மரியாதையாக, "நீங்க யாரும்மா?" என்று கேட்டார்.

சிவரூபி இன்று இங்கே வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறாள்.

கௌசலா அக்கா என்னைப் பார்க்கிறார். நேரம் போகிறது என்று அல்ல, அழாதே என்று. அழவில்லை அக்கா.

இனி அந்த மூன்று போத்தல்கள். குறிஞ்சா அடைத்தது பதினாலு. திரும்பி வந்த போத்தல்களை நாக்கில் தொட்டுப் பார்த்துப் பிரித்தோம், குறிஞ்சா பதினொன்று வந்துவிட்டது. மூன்று வரவில்லை. ஐந்து நாளாக நானும் கௌசலா அக்காவும் வீடு வீடாகப் போனோம். "எங்கட வீட்டில ஒண்டுமில்லைப் பிள்ளை" என்று படலையிலேயே பதில் வந்தது. ஒரு வீட்டில் அந்தப் பதில் வரும்போதே உள்ளே யாரோ வாளியால் எதையோ மூடும் சத்தம் கேட்டது. எந்த வீடு என்று சொல்லமாட்டேன். அந்தப் பதிலை நானும் சொல்லியிருப்பேன்.

எனக்கு ஒழுங்குவிதியை நினைத்துப் பயம். முதலாம் திகதியை நினைத்துப் பயம். ஆனால் இவற்றைவிடப் பெரிய பயம் ஒன்று, சின்னதாக, பச்சையாக, சிவப்பு மூடியோடு யாரோ ஒருவரின் குசினியில் இருக்கிறது. யார் வீட்டில்? யாருடைய கஞ்சியில்? கர்ப்பிணிப் பிள்ளை இருக்கும் வீட்டிலா? குளிசை போடும் தகப்பன் இருக்கும் வீட்டிலா? எனக்குத் தெரியாது. உங்களில் மூன்று பேருக்குத் தெரியும். ஒருவேளை உங்களுக்கும் தெரியாது, முருங்கை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

வினோதன் ஐயா, நேற்று என்னிடம் சொன்னதை இந்த ஒலிவாங்கியில் சொல்வீர்களா?

கேட்டீர்களா? "வீட்டில வச்சிருந்ததுக்கு வழக்கில்லை. போத்தலைத் தந்தால் பேரும் கேக்கமாட்டன்" என்கிறார். "எழுதித் தாங்கோ!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நியாயமான குரல். எங்களுக்கு வாயால் தந்தது எத்தனை? ஐயா, கோபிக்காதீர்கள். இல்லை, கோபிக்கவில்லை. பேனையை எடுத்துவிட்டார். எழுதுகிறார். எல்லோரும் பாருங்கள், எழுதுகிறார். அதைக் கதவில் ஒட்டுவோம்.

சட்டமே வேண்டாம் என்று சொல்ல நான் இந்த மேடையில் ஏறவில்லை. போன மாதம் ஏறியிருந்தால் சொல்லியிருப்பேன். எந்தப் போத்தலில் என்ன இருக்கிறது என்று எழுதச் சொல்லும் சட்டம் எங்களுக்கு வேண்டும். ஆனால் படிவம் எங்கள் மொழியில் வேண்டும். ஆய்வுகூடம் எங்கள் மாவட்டத்தில் வேண்டும். இன்னும் ஆறு மாதம் வேண்டும். பூட்டுகிற கதவோடு, தட்டினால் திறக்கிற கதவும் வேண்டும். இதைத் திணைக்களத்தின் முன்னால் போய் நின்று கேட்போம். கேட்கும்போது அவர்கள் ஒரு கேள்வி திருப்பிக் கேட்பார்கள்: 'உங்களுடைய போத்தல்கள் எங்கே?' அப்போது நாங்கள் எங்கே பார்ப்போம்? நிலத்தையா? ஒளித்துவைத்த கையால் மனுக் கொடுக்க முடியுமா? உரிமை கேட்கிறவர் முகத்தோடு நிற்க வேண்டும், பெயரோடு நிற்க வேண்டும். அடையாளத்தை அழித்து உயிர் தப்பினோம், உண்மை. ஆனால் இந்த முறை, சகோதரர்களே, அடையாளத்தை அழித்ததால்தான் உயிரொன்று போகப் பார்த்தது!

ஆகவே ஒரு வேண்டுகோள். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போங்கள். ஒரு பையோடு திரும்பி வாருங்கள். எல்லோரும். போத்தல் உள்ளவர் போத்தலைப் போடட்டும், அது முருங்கை என்று நிச்சயமாகத் தெரிந்தாலும் போடட்டும். இல்லாதவர் பையில் ஒரு தேங்காயையாவது போட்டுக்கொண்டு வரட்டும். மண்டபத்தின் பின்னறையில் மேசை இருக்கிறது, கதவில் சீலை தொங்குகிறது. ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய், வெறும் பையோடு வெளியே வருவோம். யார் எதை வைத்தார் என்று யாருக்கும் தெரியாது. வினோதன் ஐயாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தேங்காயைப் பிறகு சம்பலாக்குவோம், ஆண்டியப்பன் அண்ணன் திருவுவார். ஓம் என்கிறார்!

பயப்படாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சொல்லை எங்களுக்குச் சொன்னவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். பயத்தோடேயே வாருங்கள். கால் நடுங்கினால் நடுங்கட்டும், நடந்தால் போதும். பின்னறைக்கு முதலில் போவது நான். அங்கே போத்தலை வைக்கப் போவதில்லை. என் கையொப்பத்தோடு நடந்ததை எழுதிய கடிதத்தை வைக்கப் போகிறேன், திணைக்களத்துக்கு. பெயரைச் சுரண்டாமல்.

பொறுமையாகக் கேட்டிருந்த அவைக்கு நன்றி. தலைவி அவர்களுக்கு நன்றி. எழுதித் தந்த கைக்கு நன்றி. நாளை விடிந்ததும் இந்த ஊரில் எழுபது வீட்டில் கஞ்சி காய்ச்சுவார்கள். அதற்கு முன்னால் மூன்று போத்தல் வர வேண்டும்.

எழும்புங்கோ. பையை எடுங்கோ. வணக்கம்.