மாப்பிள்ளைக் காளையின் இரத்தம்

பெயரும் முகவரியும் தனித்தாளில் கொடுத்திருக்கிறேன். வயது ஐம்பத்திரண்டு. விலங்கியலில் முதுகலை. கால்நடை மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடமாக உதவியாளர். பதவி உயர்வு தரப்படவில்லை.

அங்குள்ள பொலிகாளையை எல்லோரும் 'மாப்பிள்ளை' என்பார்கள். பிப்ரவரியில் அதன் விரை ஒன்று வீங்கியிருந்ததைக் கண்டு, சினைக் கன்று கலைந்து விழச் செய்யும் கன்று வீச்சு நோயாக இருக்கலாம், சேர்க்கையில் பசுக்களுக்கும் தொற்றும் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். மாட்டுக்காரர்கள் முன்னால், "நீங்க கண்ணாடி கழுவுங்க சார், நோய்க்குப் பேரு நான் வெச்சுக்கறேன்" என்றார். அவர்கள் சிரித்தார்கள்.

அதன் பிறகு நானாகவே காளையின் இரத்தம் எடுத்து, சாயம் கலந்து சோதித்தேன். ரவை ரவையாகத் திரிந்தது. நோய் இருந்தது. முடிவைப் பதிவேட்டில் எழுதி, வாய் திறக்காமல் அவர் மேசையில் வைத்தேன். அவர் படிக்காமல் கையெழுத்திடுவார் என்று எனக்குத் தெரியும். அப்படியே செய்தார்.

அதன் பிறகு ஒன்பதாம் நாள் என் தங்கை வந்து, "நம்ம பசுவுக்கு மாப்பிள்ளையைப் பேசியிருக்கேண்ணே. பையன் நல்லவன்தானே?" என்று சிரித்தாள். "டாக்டரையே கேளு, அவருதான் பெரிய படிப்பு" என்றேன். டாக்டர் நல்ல காளை என்று சான்று கொடுத்தார்.

சினையின் ஏழாம் மாதம் பசு கன்று வீசியது. நஞ்சுக்கொடி விழாததால் தங்கையே வெறுங்கையால் எடுத்தாள். அப்போது அவளும் நான்கு மாதக் கர்ப்பிணி. நான் போனபோது முழங்கைவரை சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். "வாடை போகவே மாட்டேங்குதுண்ணே" என்றாள். அந்த நோய் மனிதருக்கும் தொற்றும் என்று அப்போதும் நான் சொல்லவில்லை.

அதன் பிறகு மூன்றாம் வாரம் அவளுக்கு மாலைதோறும் காய்ச்சல் வந்தது. எதனால் என்று ஆஸ்பத்திரியில் தெரியவில்லை. பதினொன்றாம் நாள் கரு கலைந்தது. அதற்கும் இரண்டு நாள் கழித்தே நோயின் பெயரை அங்கே சொன்னேன்.

மைத்துனர் டாக்டர் மேல் போலீஸில் புகார் கொடுத்தார். என்னைச் சாட்சியாக அழைத்தீர்கள். டாக்டர் படிக்காமல் கையெழுத்திட்டது உண்மை. அதில் ஓர் எழுத்தையும் குறைக்கமாட்டேன். ஆனால் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நேற்று தங்கை கட்டிலில் படுத்தபடி, "நான்தாண்ணே கண்டதையும் தொட்டு என் புள்ளைய நானே கொன்னுட்டேன்" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். சுளைகளைப் பிரித்து அவள் கையில் கொடுத்தேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது; யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை. நீதிமன்றத்துக்குப் போகும்முன் ஒரு நகலை என் தங்கையிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நேரில் சொல்ல என்னால் முடியவில்லை.

(கையொப்பம்)