முதல் துணி

இரவு ஒன்றரை மணி. வேலப்பன்சாவடி தாண்டிப் பெருஞ்சாலையை விட்டு இறங்கினால், முகப்பேருக்குப் போக ஒரு குறுக்கு வழி உண்டு. ஒரு பக்கம் சுவர் எழுப்பிய காலி மனைகள். இன்னொரு பக்கம் நாணல். நடுவே கூவத்தின் மேல் ஒரு தரைப்பாலம்… அதன் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்கூட இருக்காது. விளக்குக் கம்பங்கள் இருக்கின்றன. விளக்குதான் இல்லை.

அந்த வழியில், அந்த நேரத்தில், பெனிட்டோ தனியாகக் காரில் போய்க்கொண்டிருந்தான்.

நம்ம பிராங்க் இருக்கிறாரே, அவர் தங்கை ரெனிதாவின் கணவன்தான் இந்தப் பெனிட்டோ. பொய் சொன்னால் காது சிவந்துவிடும், அப்படிப்பட்ட பிள்ளை. அவன் வாயால் பிராங்க் கேட்டதைத்தான் சொல்கிறேன். ஷாரன், அந்தக் கதவைச் சாத்திவிட்டு வா… காற்று ஒரு மாதிரியாக இருக்கிறது.

ரெனிதாவுக்கு அப்போது நிறைமாதம். தலைப்பிரசவம். தூத்துக்குடியிலிருந்து வேலைக்காக வந்து, நூம்பலில் புதுக் குடியிருப்பில் இருந்தார்கள். ரெனிதாவுக்கு ரத்த அழுத்தம் ஏறி ஏறி இறங்கியது. "வலி எடுத்தா வீட்ல காத்திருக்காதீங்க. தாமதம் ஆச்சுன்னா ரெண்டு உயிருக்கும் ஆபத்து" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பெனிட்டோவுக்குத் தூக்கம் போயிற்று. அலுவலகத்தில் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பதுதான் அவன் வேலை. எதையும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் நம்பமாட்டான். முகப்பேர் ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்கு நடத்தும் வகுப்பிலும் முதல் வரிசையில் உட்கார்ந்து, எப்படி மூச்சை இழுப்பது, எப்படி விடுவது என்று ரெனிதாவைவிட அவன்தான் சத்தமாகப் பழகினான். மற்றக் கணவன்மார்கள் சிரித்தார்கள்.

கீழ் வீட்டுக் கண்ணம்மா பூந்தமல்லிக்காரர். பிள்ளைக்குப் புதுத் துணி வாங்கிவந்த கடைப் பைகளைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது, கடையவே தூக்கிகினு வந்துட்டீங்க? பொறந்த புள்ளைக்குப் புதுசு போடக் கூடாதும்மா. பழசுதான் மெத்துனு இருக்கும்."

சொன்னதோடு நிற்காமல், தன் வீட்டுக்காரரின் பழைய வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ரெனிதா அதைக் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, துண்டு துண்டாகக் கிழித்து ஓரம் அடித்தாள். ஒரே ஒரு துண்டின் மூலையில் மட்டும் சிவப்பு நூலால் சின்னதாக ஒரு சிலுவை. பிள்ளையை முதலில் சுற்றுவதற்கு அந்தத் துணி. அதை ஜெபம் சொல்லி மடித்து, பிரசவத்துக்கு எடுத்துப்போகும் பையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

இப்படி எல்லாம் தயாரான பிறகும் பெனிட்டோவுக்கு ஒரு குறை. ராத்திரியில் வலி வந்தால்? எந்த வழி? எவ்வளவு நேரம்? சரி, ஒத்திகை பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தான். குண்டும் குழியுமான சாலையில் ரெனிதாவை அலைக்கழிக்க மனமில்லை. அவளுக்குப் பதிலாகப் பின்சீட்டில் ஒரு தலையணையை வைத்து, அதற்குப் பெல்ட்டும் போட்டான். பக்கத்தில் பிரசவப் பை.

"தலையணைக்கு வலி வந்தா போன் பண்ணுங்க" என்று சிரித்து அனுப்பினாள் ரெனிதா.

செல்போனில் கடிகாரத்தை ஓடவிட்டுக் கிளம்பினான்.

தரைப்பாலத்துக்குச் சற்று முன்னால்… கார் விளக்கு வெளிச்சத்தில் ஒரு ஆள் நின்றான். பக்கத்தில் ஸ்டாண்டு போட்ட பழைய மோட்டார் சைக்கிள். கைப்பிடிச் சுவரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை வயிற்றில். இன்னொரு கை சுவரைப் பிடித்தபடி. அந்த ஆள் கையை நீட்டினான். மூடிய கண்ணாடி வழியே சன்னமாகக் கேட்டது.

"அண்ணாத்தே… கொஞ்சம் நிறுத்து அண்ணாத்தே…"

பெனிட்டோவின் கால் பிரேக்கைத் தொட்டது. ஆனால் அழுத்தவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் கடிகாரத்தை நிறுத்தினான். நல்ல நேரம்தான். சுற்றுவழியில் ஆகும் நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. சந்தோஷமாக ரெனிதாவுக்குப் போன் செய்தவன், பேச்சோடு பேச்சாக அந்த இரண்டு பேரைப் பற்றியும் சொன்னான்.

ரெனிதா இடைமறித்தாள்.

"ஏங்க… நீங்க நிறுத்தலயா?"

"டைம் ஓடிக்கிட்டிருந்துச்சு ரெனி… நிறுத்துனா கணக்குத் தப்பிரும்ல. அதோட, அந்த நேரத்துல யாரு என்னன்னு தெரியாம…"

"நாளைக்கு நம்ம வண்டி நின்னுபோனா, நமக்கு யாரு நிறுத்துவா?"

அவ்வளவுதான் கேட்டாள். பெனிட்டோ வண்டியைத் திருப்பினான்.

தரைப்பாலத்துக்கு வந்தபோது அங்கே யாரும் இல்லை. மோட்டார் சைக்கிளும் இல்லை. காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கினான். ஆற்றிலிருந்து தவளைச் சத்தம் காதைக் கிழித்தது.

"யாராச்சும் இருக்கீங்களா?"

தவளைகள் நின்றன. ஒன்றுகூட மிச்சமில்லாமல்… ஒரே நேரத்தில்.

டக்.

பின்கதவு திறந்தது.

அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை என்றுதான் பிராங்கிடம் சொன்னானாம். பின்சீட்டு மெதுவாக அமுங்கும் சத்தம் கேட்டது. கதவு சாத்திக்கொண்டது. சேற்று வாடை. வாடிய பூ வாடை. அதற்கும் அடியில், வெதுவெதுப்பாக இன்னொரு வாடை… பிறகு மூச்சு. நீளமாக இழுத்து, நடுவில் முறிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு.

பெனிட்டோவின் உதடு தானாக மரியன்னையை அழைத்தது. கை வண்டியை ஓட்டியது.

மூச்சு விட்டு விட்டு வந்தது. அடங்கியது. மறுபடி வந்தது. இடைவெளி குறைந்துகொண்டே போனது. அது எதற்கான அடையாளம் என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். ஸ்டியரிங் வியர்வையில் வழுக்கியது. இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியதாம். ஆனால் பின்னாலிருந்து வந்த அந்த முனகல்… அது பயமுறுத்துகிற சத்தம் இல்லை. பயந்துபோன சத்தம்.

அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் செய்தான்.

"அக்கா… மூக்கால இழுங்க… மெதுவா… இப்ப வாயால விடுங்க. ஊதுற மாதிரி… ஆங், அப்படித்தான். பயப்படாதீங்க. இந்தா வந்துட்டோம்."

பின்னால் மூச்சு அவன் சொன்னபடி நீண்டது. சொன்னபடி வெளியே வந்தது. அவன் பிடரி மயிர் ஒவ்வொரு தடவையும் அந்தக் காற்றில் அசைந்தது.

முகப்பேர் எல்லையில் ஒரு வேகத்தடை. வண்டி ஏறி இறங்கியது. மூச்சு நின்றது.

சத்தமே இல்லை…

பிறகு, மிகச் சின்னதாக, ஒரு தும்மல். பெரியவர்கள் தும்முகிற தும்மல் இல்லை அது.

ஆஸ்பத்திரி வாசலில் பிரேக் போட்டதும் பின்கதவு தானாகத் திறந்தது. காவலாளி துலுக்கானம் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நின்றார்.

"இன்னா சார், அப்பவே ஒருதபா வெறுமனே வந்துட்டுப் போன. இப்ப மறுபடியும் வந்துகீற. பேஷண்ட் எங்க?"

"இல்லண்ணே… ஒத்திகை பாத்தேன்."

"கல்யாணத்துக்கே யாரும் ஒத்திகை பாக்கறதில்ல, நீ பிரசவத்துக்குப் பாக்கற!" என்று சிரித்தவர் சீட்டைத் தடவிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "அப்ப சீட்டு இன்னாத்துக்கு சார் இம்மாம் ஈரமா கீது?"

தலையணையில் ஒரு தலை அழுந்திய பள்ளம் இருந்தது. பையின் ஜிப் திறந்திருந்தது. சிலுவை போட்ட துணியை மட்டும் காணோம்.

அவன் பெருஞ்சாலை வழியாகச் சுற்றி வீடு வந்து சேர்ந்தான். ரெனிதாவிடம் எதையும் மறைக்கவில்லை. அவள் வயிற்றில் கைவைத்துக்கொண்டாள்.

"நம்ம பிள்ளைக்குன்னு வெச்சது…" என்றான் அவன்.

"அதுவும் ஒரு பிள்ளைதான. சுத்த ஒரு துணியில்லாமதான் எடுத்திருக்கா. இருக்கட்டும்."

வேறு துணியில் சிலுவை போடவில்லை அவள். அன்றிலிருந்து இரவு ஜெபத்தில், பேர் தெரியாத ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் என்று ஒரு மன்றாட்டைச் சேர்த்துக்கொண்டாள். அந்தக் கரையில் எப்போது என்ன நடந்தது என்று பெனிட்டோ யாரிடமும் விசாரிக்கவில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடும் என்ற பயம்.

ரெனிதாவுக்கு வலி வந்த இரவில் பேய்மழை. மின்சாரம் இல்லை. பனிக்குடம் உடைந்துவிட்டது. அவளைப் பின்சீட்டில் சாய்த்து, பையைத் தன் பக்கத்துச் சீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினான். வைப்பர் அடிக்க அடிக்கக் கண்ணாடியில் தண்ணீர். அவள் முகம் வீங்கியிருந்தது. கண் மங்குகிறது என்றாள். சுற்றிப் போக நேரமில்லை. குறுக்கு வழியில் வண்டியை இறக்கினான்.

தரைப்பாலம் வரப்போகிற வளைவு…

வெளிச்சத்தில் அந்த மோட்டார் சைக்கிள். இந்தத் தடவை அது சாலையின் குறுக்கே நின்றது. முன்னால் அந்த ஆள். கையை நீட்டவில்லை. கூப்பிடவில்லை. பெனிட்டோவைப் பார்த்துத் தலையை மட்டும் மெதுவாக ஆட்டினான்… வேண்டாம் என்று. அவன் பின்னால், மழையில் நனையாத ஏதோ ஒன்றை மார்போடு அணைத்தபடி அவள்.

"ஏங்க… ஏன் நிறுத்திட்டீங்க? என்னால முடியலங்க…"

பெனிட்டோ வண்டியைப் பின்னுக்கு எடுத்தான். மதுரவாயல் சுற்றிப் பறந்தான். "மூக்கால இழு ரெனி… வாயால விடு…" வழியெல்லாம் அவன் குரல்.

துலுக்கானம் நாற்காலியோடு ஓடி வந்தார். "தரைப்பாலம் வழியா வரலல்ல சார்? சாயங்காலமே மூழ்கிடுச்சு. கைப்பிடிக்கு மேல ஓடுது தண்ணி. இருட்டுல தெரியாது, அப்படியே இழுத்துகினு போயிரும்."

பெனிட்டோ ரெனிதாவை நாற்காலியில் உட்காரவைத்தான். பிரசவ அறை வாசலில், பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு நொடிகூட அதைக் கீழே வைக்கவில்லை.

விடியும்போது பெண் பிள்ளை பிறந்தது. இரண்டு உயிரும் பிழைத்தன. நர்ஸ் கதவைத் திறந்து கைநீட்டினாள். "குழந்தையைச் சுத்த பழைய துணி குடுங்க சார்."

ஜிப்பைத் திறந்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே, வெளுத்து, நாலாக மடித்து… சிவப்பு நூல் சிலுவை.

எடுத்துக் கொடுத்தான். வாங்கிய நர்ஸ் ஒரு நிமிடம் நின்று, துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"சார், இதுல இப்ப யாரைப் படுக்க வெச்சிருந்தீங்க?"

அவனும் தொட்டுப் பார்த்தான்.

அப்போதுதான் ஒரு குழந்தையைத் தூக்கி எடுத்ததுபோல, துணி இளஞ்சூடாக இருந்தது.