ஐந்தாவது படிவம்

படிவங்களை நான் எப்போதும் இரண்டு முறை எண்ணுவேன். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை. இரண்டும் ஒத்துப்போனால்தான் உறையை ஒட்டுவேன். ஏழு வருடப் பழக்கம். எங்கள் ஆய்வு நிறுவனத்தில் பெனிஸ்டன் எப்படிப்பட்டவன் என்று யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள்.

சென்ற வாரம் விசாரணையில் விசாரணை அதிகாரியான நீங்கள் என்னிடம் முதலில் ஒரு கேள்வி கேட்டீர்கள். கசார்வாடி ஆலையின் துடைப்புப் பிரிவிலிருந்து ஐந்து படிவங்கள் வந்ததாகப் பதிவேடு சொல்கிறது. பெட்டியில் நான்குதான் இருக்கின்றன. ஐந்தாவது எங்கே? நான் பதில் சொன்னேன். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். பிறகு எழுந்து, நீங்களே எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தீர்கள். அந்தப் பதிலை விரிவாக எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் தமிழ், இந்த மராத்தி ஊரில் கட்கி தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றது. எளிமையாகத்தான் இருக்கும். மொழிபெயர்ப்பவருக்குச் சிரமம் இராது.

எங்கள் வேலை இதுதான். ஆண்கள் மட்டுமே இருந்த ஆலைகளுக்குள் பெண்கள் வந்தால் ஆலை எப்படி மாறுகிறது என்று மூன்று வருடம் கவனிக்கிறோம். ஆறு ஆலைகள். கசார்வாடி ஆலை அவற்றில் சிறந்தது. கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்கிறார்கள். நூற்றெண்பது ஆண்கள் இருந்த இடத்தில் இருபத்தாறு பெண்களைச் சேர்த்தார்கள். அவர்களில் ஐந்து பேருக்குத் துடைப்புப் பிரிவில் இரண்டாவது ஷிப்டு. பெயின்ட் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் பட்டைகளைத் துடைப்பார்கள். அந்த ஐவரில் ஒருத்தி என் மனைவி கெசியா, தரம் பார்ப்பவள். அங்கே பெண்களை எடுக்கிறார்கள் என்று அவளிடம் சொன்னவன் நான்தான்.

மனைவி அங்கே வேலை செய்வதை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். ஆய்வாளரின் உறவினர் நிரப்பிய படிவம் கணக்கில் சேராது என்பது விதி. அவளை நிரப்ப வேண்டாமென்று நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

பிப்ரவரியில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவன் துடைப்பு அறை வாசலில் நின்று பெண்களைப் போனில் படம் எடுத்தான். புகார் போனது. ஆலை நிர்வாகத்தார் அவனை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பெண்களின் பாதுகாப்புக்காக ஷிப்டு முழுவதும் அறையை வெளியிலிருந்து பூட்டச் சொன்னார்கள். சாவி சூப்பர்வைசரிடம். எங்கள் கேள்வித்தாளில் பதினோராவது கேள்வி, பெண்களுக்குத் தனியான, பாதுகாப்பான பணியிடம் உண்டா என்பது. நான் நேரில் போய்ப் பார்த்தேன். ‘உண்டு’ என்று குறித்தேன்.

கெசியாவிடம் அதைச் சொன்னபோது சிரித்தாள்.

“பாதுகாப்பு யாருக்கு பென்னி? சூப்பர்வைசர் சாய் குடிக்கப் போனா சாவியும் சாய் குடிக்கப் போகுது. பாத்ரூம் போகணும்னா நாங்க தட்டணும். அந்த ஆளு காதுல இயர்போன் மாட்டிட்டு பாட்டு கேப்பான்.”

“மேனேஜர்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னோம். ‘நீங்கதானே கம்ப்ளெய்ன்ட் பண்ணீங்க, இப்ப என்ன’ங்கறான். பெரிய தாலாப் பூட்டா வாங்கிப் போட்டிருக்கான், பேங்க் லாக்கர் மாதிரி. உள்ள இருக்கற நாங்க என்ன நகையா?”

“ஃபார்ம் வரும். அதுல எழுது. அதுக்குத்தான் ஃபார்ம்.”

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அவளுக்கு ஐந்து பேர் விதியையும் விளக்கினேன். ஒரு பிரிவில் ஐந்து பேருக்குக் குறைவாகப் பதில் எழுதியிருந்தால் அதை அறிக்கையில் தனியாகக் காட்டக்கூடாது. எழுதியது யாரென்று மேலாளர் எளிதாகக் கண்டுபிடித்துவிடுவார். அதனால் அந்தப் பதில்களைப் பெரிய கூட்டத்தோடு கலந்துவிடுவோம். எழுதியவரைக் காப்பாற்றும் விதி. நல்ல விதி. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கெசியா மீன் முள்ளை எடுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப நாலு பேரு கத்துனா கேக்காது. அஞ்சு பேரு கத்துனா கேக்கும்.”

“அப்படிச் சொல்ல முடியாது.”

“அப்படித்தான் பென்னி. நீ இங்கிலீஷ்ல சொல்ற, நான் தமிழ்ல சொல்றேன்.”

படிவங்கள் ஜூன் மாதம் வந்தன. பெட்டியைத் திறப்பது எப்போதும் நான்தான். துடைப்புப் பிரிவின் உறையில் ஐந்து இருந்தன. ஐந்திலும் ஒரே விஷயம். கதவு வெளியிலிருந்து பூட்டப்படுகிறது, தின்னர் டப்பாக்கள் உள்ளேயே இருக்கின்றன, வேறு வழி கிடையாது. நான் படித்துக்கொண்டிருந்தபோது திட்டத் தலைவர் சியாமளா மேடம் என் மேசைக்கு வந்தார். கோயம்புத்தூர்க்காரர். என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார்.

“கசார்வாடி எப்படி இருக்குங்க பெனிஸ்டன்?”

“பொதுவா நல்லா இருக்கு மேடம். ஒரு செக்‌ஷன்ல மட்டும் பிரச்சினை.”

“சின்ன செக்‌ஷனுங்களா?”

“சின்னதுதான்.”

“எத்தனை ஃபார்ம்?”

“எண்ணிப் பார்க்கணும்.”

“எண்ணிடுங்க. அஞ்சுக்குக் கீழன்னா மேல சேர்த்துடணும், உங்களுக்குத் தெரியாததா. இந்த ஆலை வெளிய போச்சுன்னா மூணாவது வருஷம் நமக்குக் காட்ட ஒண்ணுமே இருக்காது. உங்க தீசிஸும் அதுலதானே நிக்குது?”

அவர் என்னை எதையும் எடுக்கச் சொல்லவில்லை. இதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணச் சொன்னார், அவ்வளவுதான். எண்ணிக்கை ஐந்து என்பது அவர் கேட்டபோதே எனக்குத் தெரியும். இரண்டு முறை எண்ணியிருந்தேன்.

அன்று மாலை உறையில் நான்கு படிவங்கள் இருந்தன.

இதற்கு நான் உங்களிடம் சொன்ன விளக்கம் மூன்று வாக்கியம். ஐந்தில் ஒன்றில் கெசியாவின் கையெழுத்து இருந்தது. உறவினர் படிவம் கணக்கில் சேராது. ஆகவே அதை எடுத்துக் கிழித்துவிட்டேன்.

விதிப்படி நான்கும் பெரிய கூட்டத்தோடு கலந்தன. இருபத்தைந்து பேரின் சராசரி நன்றாகவே வந்தது. ‘பெண் ஊழியர்கள் பொதுவாகப் பாதுகாப்பாக உணர்கிறார்கள்’ என்று எழுதினேன். அந்த வாக்கியத்தில் புள்ளிவிவரப் பிழை எதுவும் இல்லை.

“ரிப்போர்ட்ல வந்துச்சா?” என்று கெசியா கேட்டாள்.

“வரும்.”

“எப்ப?”

“அடுத்த சுற்றுல.”

அவள் மேலே கேட்கவில்லை. என்னை நம்பினாள். அல்லது களைப்பாக இருந்தாள். ஆலைக்கு ஒரு போன் செய்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். கணவனாகத் தெரிந்துகொண்டதை ஆய்வாளன் பயன்படுத்தக்கூடாது, ஆய்வாளனாகப் படித்ததைக் கணவன் வெளியே சொல்லக்கூடாது. இரண்டுமே எழுதப்பட்ட நெறிகள். ஒன்றிலிருந்து தப்பினால் மற்றொன்று பிடித்துக்கொள்ளும். எனக்கு அது வசதியாக இருந்தது.

அறிக்கை போய் முப்பத்தேழாம் நாள் தீப்பிடித்தது. மாலை ஆறு பத்து. சூப்பர்வைசர் நெடுஞ்சாலை ஓரம் சாய் குடித்துக்கொண்டிருந்தான். அவன் ஓடிவந்து பூட்டைத் திறக்க ஒன்பது நிமிடம் ஆயிற்று. கதவை ஒட்டி நின்ற இரண்டு பேர் பிழைத்தார்கள். பாத்திமா ஒருத்தி. தட்டித் தட்டி அவள் உள்ளங்கை இரண்டிலும் தோல் இல்லை. கெசியா, லலிதா, ஜெனிபர் மூவரும் பின்சுவரோரம் இருந்தார்கள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு மாதம். அந்த நேரத்தில் நான் ஹிஞ்சேவாடி மாநாட்டுக்கு விளக்கப்படங்கள் தயாரித்துக்கொண்டிருந்தேன். கசார்வாடி ஆலைக்கு, பாதுகாப்பானது என்று பச்சை நிறம் கொடுத்திருந்தேன்.

ஐந்து வாரத்தில் ஓர் ஆலையை மாற்ற முடியாது என்று அடக்க ஆராதனையின்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிறுவனங்கள் மெதுவாகத்தான் மாறும். நானே அப்படி எழுதியிருக்கிறேன். மறுநாள் அந்தக் கதவைப் போய்ப் பார்த்தேன். பூட்டு இல்லை. பூட்டு மாட்டிய கொண்டியைப் பிடித்திருந்தது நான்கு திருகாணி. கழற்ற ஐந்து நிமிட வேலை.

என் விளக்கத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். சியாமளா மேடம் அழுதார். நெறிமுறைக் குழுவில் ஒருவர், சொந்த மனைவிக்குக்கூட விதியைத் தளர்த்தாதவன் என்று என் தோளைத் தொட்டார். நான் தலைகுனிந்து நின்றேன். துக்கம் என்று நினைத்தார்கள். துக்கமும் இருந்தது. அதற்குப் பின்னால் ஒளிந்து நின்றது வேறு.

அந்தப் பொய்யோடு நான் இருந்திருப்பேன். சங்கடம் பாத்திமாவால் வந்தது. ஐந்து பேரும் எழுதினோம், என்னுடையது தமிழில் இருக்கும் என்று அவள் உங்களிடம் சொன்னாள். பெட்டியில் இருந்த நான்கில் எதுவும் தமிழில் இல்லை. தமிழ்ப் படிவம் ஏதாவது வந்ததா என்று என்னைக் கேட்டீர்கள். இல்லை என்றேன். அவள் எழுதவே இல்லை, கதவைப் பற்றிச் சொல்வதும் பொய் என்று ஆலையின் வக்கீல் சொன்னார். உயிரோடு இருப்பவர்களில் பேசத் துணிந்தது அவள் ஒருத்திதான். இன்னொருத்தி ஊருக்குப் போய்விட்டாள். பாத்திமாவின் சொல் விழுந்தால் அந்தக் கதவு பூட்டியே இருக்கவில்லை என்றாகிவிடும்.

விசாரணை முடிந்து வராந்தாவில் அவள் என்னிடம் வந்தாள். ஆம்பூர்ப் பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். கைகளில் கட்டு.

“அண்ணா, நான் எழுதினது எங்கண்ணா?”

நான் அவள் கைக்கட்டுகளையே பார்த்தேன்.

“எனக்குப் பயம்ணா. வேலை போயிடும்னு எழுத மாட்டேன்னேன். கெசியாக்காதான் மூணு நாளா பின்னாலயே வந்துச்சு. நாலு பேர்னா கலந்துடுவாங்க, நீ எழுதுனாதான் அஞ்சுன்னு. எனக்கு இந்தி எழுத வராதுக்கான்னேன். தமிழ்ல எழுதுடி, எங்க வீட்டுக்காரர்தான் படிப்பாருன்னு சொல்லுச்சு.”

பிறகு என்னைச் சமாதானப்படுத்துவதுபோல, “ஆபீஸ்ல தொலைஞ்சிருக்கும்ணா. நீங்க நல்லாத் தேடிப் பாருங்க” என்றாள்.

நான் உங்களிடம் சொன்ன மூன்று வாக்கியங்களில் முதல் இரண்டும் உண்மை. கெசியாவின் படிவம் அந்த உறையில் இருந்தது. இப்போதும் இருக்கிறது, பெட்டியில் மேலிருந்து இரண்டாவது. விதிப்படி அதைத்தான் எடுத்திருக்க வேண்டும். கையில் எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். அவளுடையதை எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிட முடியாது என்று தோன்றியது. முகம் தெரியாத ஒருத்தியுடையதை எடுத்தால் முடியும். முடிந்தது. ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் சாப்பிட்டேன்.

கிழித்தேன் என்றதும் பொய். பாத்திமாவின் படிவத்தை லேப்டாப் பையின் பின்னறையில் வைத்திருந்தேன். இத்துடன் இணைத்திருக்கிறேன். மூன்று மொழிகளில் எழுதலாம் என்று படிவத்தின் தலைப்பில் இருக்கிறது. தமிழ் அதில் இல்லை. படிக்க முடியாததால் ஒதுக்கினேன் என்று இன்னொரு விளக்கத்தையும் தயார் செய்து வைத்திருந்தேன். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். எனக்குத் தமிழ் தெரியும்.

கடைசிப் பக்கத்தில், வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்ற கேள்விக்குக் கீழே பென்சிலால் எழுதியிருக்கிறாள். மொழிபெயர்ப்பவர் அதை விட்டுவிட வேண்டாம். ‘அண்ணா, நீங்கள் படிப்பீர்கள் என்று அக்கா சொன்னதால் எழுதுகிறேன். படித்தால் கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.’

படித்தேன். இரண்டு முறை.