பாறைச் சுறாவுக்குக் கோபம் வந்தால்

— டீ ஆறுது, குடி கன்னியப்பா. செஞ்சிக்கு வந்து நாலு நாளாச்சாம். இப்பதான் ரோஷன் பீ அக்கா வூட்டுக்கு வழி தெரிஞ்சுதா?

— எந்த மூஞ்ச வெச்சுக்கினு வர்றதுக்கா? தாவூதும் நானும் சேந்துதான அந்தமானுக்கு சங்கு எடுக்கப் போனோம். நான் மட்டும் வந்து நிக்கிறேன்.

— என் தம்பிய சுறா எப்படிக் கடிச்சுது? ஒண்ணு வுடாம சொல்லு.

— வேணாங்க்கா. மனசு தாங்காது.

— ஆறு மாசமா குத்துக்கல்லாட்டம் தாங்கிக்கினுதான இருக்கேன். சொல்லுடா. ஆளப் பாத்ததும் பாஞ்சிடுமா அது?

— அதான் இல்ல! பாறைச் சுறா சரியான பயந்தாங்கொள்ளி. நம்ம சிலிண்டர் காத்து சத்தத்துக்கே ஓடிடும். மிஞ்சிப்போனா சொம்மா ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டுப் போயிடும், சத்தியமா.

— கோவம் வந்தா?

— முதுகை வளைக்கும்க்கா. ரெண்டு பக்க செட்டையும் கீழ எறக்கி, நெளிஞ்சு நெளிஞ்சு நீஞ்சும். ‘போடா அப்பால’ங்குது. அதையே பாத்துக்கினு மெதுவா பின்னால வந்துடணும்.

— வராம மடக்குனா?

— கடிச்சிடும்.

— தாவூத் மடக்குனானா?

— அவனா? சேச்சே. அது... ரத்த வாடைக்கா. கொழம்புக்குன்னு ஈட்டியில மீனு குத்துவோம். குத்துனதும் படகுக்கு அனுப்பிடணும். இடுப்புல கோத்துக்கினு அலைஞ்சா வம்பு.

— அவன் இடுப்புல கோத்தது யாரு?

— டீ ஆறிப்போச்சுக்கா. நான் கெளம்புறேன்.

— ஒக்காருடா. சக்கரக்குளத்துல நீ முழுகிப்போனப்ப, முடியப் புடிச்சு இழுத்தாந்தவன் என் தம்பி. அவன நெனச்சு சொல்லு.

— நான்தாங்க்கா. மேல போய் வர சோம்பேறித்தனம். ‘கொஞ்சம் வெச்சிருடா’ன்னு என் மீனையும் அவன் பெல்ட்டுல மாட்டுனேன். சுறா முதுகை வளைச்சதும் நான் மேல ஏறிட்டேன். அவன் என்னைத் தேடிப் பாத்தான்க்கா.

— அடப்பாவி! அவனே அடம் புடிச்சு மாட்டிக்கினான்னு காயிதம் எழுதுனியே! ‘பேராசைக்காரன்’னு ஊரே பேசுச்சே! மவுத்தானவன் பேரையும் சேத்துக் கொன்னியேடா!

— புத்தி கெட்டுப்போச்சு. கால்ல வுழுறேன். செருப்பால அடிக்கா.

— அடிச்சா என் வயித்தெரிச்சல் அடங்கிடுமா? எழுந்திரு. கப்பலு எப்ப?

— வெள்ளிக்கெழம. மொதலாளி எனக்கு ஜோடியா புதுசா ஒருத்தன அனுப்புறாராம்.

— எங்க மஜீத்துதான். தாவூதுக்கு எளையவன். நான்தான் சொல்லி சேத்துவுட்டேன்.

— மஜீத்தா? சுறாவப் பத்தி அவனுக்கு இன்னா தெரியும்க்கா?

— இவ்ளோ நேரம் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கினு இருந்தான். இப்ப எல்லாம் தெரியும்.