இழுத்துப் பிடிக்கும் சொல்

உங்கள் காவல் நிலையத்துக் காப்பி நன்றாக இருக்கிறது. எங்கள் நிறுவனத்தில் காலையில் போட்டதை மதியம்வரை சூட்டிலேயே வைத்துக் கசக்க விடுவார்கள். ஔலு நகரில் நான் வேலை பார்த்த இடமெல்லாம் அப்படித்தான்.

சவுனா என்ற நீராவிக் குளியலறையின் அடுப்புகளை இயக்கும் மின்பலகைகள் செய்கிறோம். பலகையின் நடுவில் இருக்கும் சில்லுக்குக் கால்கள்போல ஏகப்பட்ட உலோகப் பின்கள். அவற்றுக்கென்று தனியாக ஒரு வேலையும் கிடையாது. இது விளக்கு, இது வெப்பமானி, இது அடுப்பு மூடியின் பாதுகாப்பு சுவிட்ச் என்று ஒரு கோப்பில் விவரித்து எழுதினால்தான் மென்பொருளுக்கு எது எதுவென்று விளங்கும். அந்தக் கோப்பை எழுதி வந்தவள் நான்.

போன வசந்தத்தில் எங்கள் குழுத் தலைவன் ஒஸ்மோ அதை என்னிடமிருந்து பிடுங்கி வெய்க்காவிடம் கொடுத்தான். எல்லோரும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில்தான் சொன்னான்.

"பின்னுக்குப் பேர் வைக்கிறதெல்லாம் ஒரு வேலையா, துயிரே? தபால்பெட்டியில பேர் ஒட்டுற மாதிரிதானே. வெய்க்கா பாத்துப்பான். நீ வாடிக்கையாளர் புகாரை கவனி."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வெய்க்கா மரியாதை தெரிந்தவன். எழுதி முடித்ததும் என்னிடம் வந்தான். "ஒரு தடவை பாத்துக் குடேன் துயிரே, எதையாவது சொதப்பியிருக்கப் போறேன்." அவன் எதையும் சொதப்பவில்லை. நான் ஒரே ஒரு சொல்லை எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். நன்றி சொன்னான்.

அது எந்தச் சொல் என்று கேட்டீர்கள். அடுப்பு மூடியின் மேல் ஏதாவது கிடந்தால் சுவிட்ச் திறந்துகொள்ளும். அதோடு இணைந்த பின் எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். அப்போது அதை மேலே இழுத்துப் பிடித்து, 'ஆபத்து' என்றே சொல்ல வைப்பது அந்தச் சொல். அது இல்லாவிட்டால் அந்தப் பின் வாய்க்கு வந்ததைச் சொல்லும். சோதனை மேசையில், சுற்றிலும் ஓடும் இயந்திரங்களின் மின் இரைச்சல் பட்டு, ஒவ்வொரு முறையும் 'ஆபத்து' என்றது. எல்லாச் சோதனையிலும் தேறியது. ஒதுக்குப்புறமான ஒரு வீட்டில் என்ன சொல்லும் என்பது எனக்கே தெரியாது. அதனால் இதைத் திட்டம் என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். யாராவது அந்த வரியைப் படித்து, இங்கே இருக்க வேண்டிய சொல் என்ன ஆயிற்று என்று கேட்கட்டும் என்றுதான் காத்திருந்தேன். ஒருவரும் படிக்கவில்லை. அது என் குற்றமா?

இலையுதிர் காலத்தில் கெமி நகரிலிருந்து ஒரு பெண்மணி புகார் செய்தார். மூடிமேல் துண்டு கிடந்தும் அடுப்பு எரிந்திருக்கிறது. துண்டு மட்டும்தான் கருகியது. பொருத்தியவர் கம்பியைச் சரியாக முறுக்கவில்லை என்று பதில் போட்டுப் புகாரை முடித்தேன். புகார்களைக் கவனிக்கத்தானே சொல்லியிருந்தார்கள்.

பிறகு ஒஸ்மோ, தானும் மனைவி ஹெல்காவும் வார இறுதியில் போகும் ஏரிக்கரை வீட்டுக்கே அந்தப் பலகையை வாங்கிப் பொருத்தினான். காப்பி நேரத்தில் எல்லோருக்கும் புல்லா ரொட்டி கொண்டுவந்திருந்தான்.

"இனிமே கார்லேர்ந்தே போன்ல அடுப்பைப் போட்டுடுவேன். ஹெல்கா முன்னாடியே போயிடுவா. அவ கண்ட துணியையும் அடுப்பு மேல காயப்போடுற ஆளு. ஏதாவது கிடந்தா பத்தாதுல்ல?"

"அதுக்குத்தானே அந்த சுவிட்ச்," என்றேன். ரொட்டியில் ஏலக்காய் சற்றுத் தூக்கலாக இருந்தது.

அந்த வார இறுதியில் ஹெல்கா திரைச்சீலைகளைத் துவைத்து அடுப்பு மூடிமேல் விரித்துவிட்டு, மாடியில் கண்ணயர்ந்திருக்கிறாள். ஒஸ்மோ நெடுஞ்சாலையிலிருந்து பொத்தானை அழுத்தியிருக்கிறான். அவன் போய்ச் சேர்ந்தபோது கூரை உள்ளே விழுந்திருந்தது.

அடக்கத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அந்த வேலை உங்கிட்டயே இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா, துயிரே?"

ஆகியிருக்காது என்றேன். அது உண்மைதான். மறுநாளே வெய்க்காவை வெளியே அனுப்பிவிட்டுக் கோப்பை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்கள். முதல் வேலையாக அந்தச் சொல்லை இருந்த இடத்தில் வைத்தேன்.

இதோடு முடிந்திருக்கும். நானாக இங்கே வந்ததற்குக் காரணம் உங்கள் விசாரணை அறிக்கை. ஹெல்காவின் சாவுக்கு வெய்க்காவின் கவனக்குறைவு காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை எடுத்தவள் நான். காப்பி நேரத்தில் ஒஸ்மோ கேட்டபோது, அந்தச் சுவிட்சை நம்ப முடியாது என்று தெரிந்தேதான் அப்படிச் சொன்னேன். கவனக்குறைவு என்பதை அடித்துவிடுங்கள், அதிகாரி. என் கைபட்ட வேலையை யாரும் அப்படிச் சொல்ல நான் விட்டதில்லை.