தறிக்கும் தன்வரலாற்றுக்கும் நடுவே: ‘காண்க’ ஐயாவுக்கு வாசித்தளித்த மடல்

சொல் தேடிச் சோர்வறியாச் சான்றோரே! பொருள் தேடிப் பொய்யறியாப் பெருந்தகையே! அகரத்தில் தொடங்கி ஞகரம் வரை கலைக்களஞ்சியத்தின் ஏழு தொகுதிகளை எழுப்பி நிறுத்தி, எட்டாம் தொகுதியை எங்கள் கையில் ஒப்படைத்து இன்று விடைபெறும் எங்கள் முதன்மைத் தொகுப்பாளரே! வணக்கம்.

மடல் என்றால் பண்புகளை அடுக்க வேண்டும். நாங்களும் உட்கார்ந்து அடுக்கினோம். பொறுமை, நேர்மை என்று இரண்டு எழுதுவதற்குள், “இது யாருக்கு வேணாலும் பொருந்துமே, ஆதாரம் எங்கே?” என்று தாங்கள் கேட்பது காதில் விழுந்தது. ஆகவே ஆதாரத்தோடு ஒன்றே ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். தங்களை எதிரே வைத்துக்கொண்டு ‘அவர்’ என்றே சொல்லப்போகிறோம். முகத்தைப் பார்த்துச் சொன்னால் வாசிப்பவர் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார்.

இப்பணிமனையில் அவருக்கு ‘காண்க ஐயா’ என்று பெயர். ஒரு கட்டுரையின் அடியில் ‘காண்க’ என்று போட்டு இன்னொரு கட்டுரைக்கு வழிகாட்டும் வரியை அவரைப்போல் போட ஆள் கிடையாது. வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டால்கூட, “காண்க: இரண்டாம் தட்டு” என்பாராம். அவரோடு ஒரே வீட்டில் நெடுங்காலமாய் வாழும் பல் டாக்டர் சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரியும். எங்களில் பாதிப்பேரின் பல்லைப் பிடுங்கியவரும், பணிமனைத் தலைவருக்குப் பல்செட் கட்டிக் கொடுத்தவரும் அவர்தான்.

‘காண்க’ போட்டால் அந்தக் கட்டுரை இருந்தே தீரவேண்டும்; இல்லாவிட்டால் அது குருட்டுக் காண்க. இது நம் தலைவரே வகுத்த விதி. நான்காம் தொகுதியில் ஒரே ஒரு குருடு தப்பித்துப் போனதற்காக, விற்ற படிகளையெல்லாம் திரும்ப வரவழைத்து, ஒவ்வொன்றிலும் திருத்தச் சீட்டு ஒட்ட வைத்தார். தட்டச்சர் பசைக்கையோடு பேருந்தில் வீட்டுக்குப் போனார். அவர் இறங்கியபோது பேருந்தின் கைப்பிடியும் கூடவே இறங்கியது. அது இன்னும் அவர் வீட்டில் துண்டு காயப்போட உதவுகிறது.

இனி, எட்டாம் தொகுதி. தறிக்கும் தன்வரலாற்றுக்கும் நடுவே அவர் ஒரு கட்டுரை எழுதி வைத்திருந்தார்: ‘தன்பாலீர்ப்பு இலக்கியம்’. ஆணை நேசித்த ஆண்கள் காலங்காலமாய் எழுதியவை, எழுதி மறைத்தவை, மறைத்தும் பிழைத்தவை பற்றியது. களத்தில் விழுந்த தோழனுக்காக வீரர்கள் பாடிய இரங்கற்பாக்கள். பின்னால் வந்த பதிப்பாசிரியர்கள் ‘அவன்’ என்பதை ‘அவள்’ என்று திருத்தி மானம் காத்த காதற்பாட்டுகள். சிறையிலிருந்து போன கடிதங்கள். இருவரில் ஒருவரைக் கடைசி அத்தியாயத்தில் சாகடித்தால்தான் அச்சேறும் என்றிருந்த நாவல்கள். இருவரும் பிழைத்துக் கிடந்து, தண்ணீர் மோட்டாரை யார் நிறுத்துவது என்று சண்டை போடும் இன்றைய நாவல்கள். இருவரும் உயிரோடு இருக்கிற புத்தகம் நாற்பது வயதுவரை தம் கண்ணில் படவில்லை என்று அவர் ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

பிறமொழிப் பாட்டுகளைத் தமிழாக்கியவர் டாக்டர். வாயைத் திறந்தபடி நாற்காலியில் கிடக்கும் நோயாளிகளுக்கு வாசித்துக் காட்டியே திருத்தினார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ஒரு பாட்டுக்குக் கண்கலங்கிய நோயாளிக்கு, வலிக்கிறதாக்கும் என்று இன்னொரு ஊசி போட்டாராம்.

ஆனால் கட்டுரையின் அடியில் இருவர் பெயரும் இல்லை. காரணம் ஐயாவின் அக்கா. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். தொகுதி ஒவ்வொன்றும் வந்த அன்றே வாங்கி, தம்பி பெயர் போட்ட கட்டுரைகளை அக்கம்பக்கத்தாரை உட்காரவைத்து உரக்க வாசிப்பவர். டாக்டரை அவர் ‘தம்பியோட ரூம்மேட்’ என்றே சொல்லிவந்தார். ஊர் எழுதியதையெல்லாம் திருத்திய ஐயா, திருத்தாமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

போன மாதம் இறுதி மெய்ப்புக் கூட்டம். மேடையில் அமர்ந்திருக்கும் நம் தலைவர் சிவப்புப் பென்சிலோடு வந்தார். நாங்கள் சொல்வதில் தவறிருந்தால் அவர் இங்கேயே மறுக்கலாம். கட்டுரையின் முதல் பக்கத்தில் குறுக்காக ஒரு கோடு இழுத்தார்.

“இத எடுத்துடுங்க. வெளிய போற நேரத்துல உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? எடுக்கலன்னா உங்க ஓய்வு ஆணைல நான் கையெழுத்துப் போட முடியாது.”

காண்க ஐயா மெய்ப்பைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“எடுத்தா, முன்னாடி வந்த தொகுதிங்க குருடாயிடுங்க.”

தலைவர், அட்டவணை தொகுக்கும் ‘சொல்லடைவு அம்மா’வைக் கூப்பிட்டனுப்பினார். ஏழு தொகுதியின் காண்கப் பட்டியலும் அவருக்கு மனப்பாடம். எங்கெங்கே இந்தக் கட்டுரைக்குக் காண்க இருக்கிறது என்று கேட்டதும், கைகட்டி நின்று அகர வரிசையில் ஒப்பித்தார். காண்க ஐயா போட்டவை நான்குதான்: இரங்கற்பா, உவமை, கடிதம், சிறை. ஆனால் அம்மா ‘அணை’ என்று தொடங்கினார். ஐயா நிமிர்ந்தார். அம்மா இசைக்கருவி என்றார், எலும்பு என்றார், கண்ணாடி, கப்பல், கிணறு, சாவி என்று போய்க்கொண்டே இருந்தார். நடுவே ஒட்டகம் வந்தபோது ஐயாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. இத்தனையும் தம் தலையில்தான் விழும் என்று நினைத்தார்.

“ஒட்டகத்துல என்னய்யா இருக்கு?” என்றார் தலைவர்.

விலங்கியல்காரர் எழுந்து நின்றார். “ரொம்ப தூரம் போற பிராணிங்க. வழியில படிக்க ஏதாவது வேணாமா?”

ஒன்றை இந்த அவையில் சொல்லிவிடுகிறோம். இதை நாங்கள் கூடிப்பேசிச் செய்யவில்லை. முதல் தொகுதிக் காலத்திலிருந்தே அந்தக் கட்டுரையின் கைப்படியை அவர் மேசையில் பார்த்தவர்கள் அவரவர் பிரிவில் ஆளுக்கொன்று போட்டோம். தான் மட்டுமே போட்டதாக ஒவ்வொருவரும் நினைத்திருந்தோம்.

தலைவர் பென்சிலைக் கீழே வைத்தார். நாங்கள் மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்தது.

“சரி, இருக்கட்டும். ஆனா எழுதினவர் பேர் இல்லாம எப்படிப் போறது? அதுவும் நம்ம விதிதான். பேரப் போடுங்க, இப்பவே அச்சுக்கு அனுப்பறேன்.”

அவர் போடமாட்டார் என்று தலைவருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். காண்க ஐயா கைபேசியை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனார். நாங்கள் கதவோரம் காதை வைத்துக்கொண்டு நின்றதாக யாராவது சொன்னால், அது உண்மை. வைக்காவிட்டாலும் கேட்டிருக்கும், அவருக்குக் காது மந்தமான நாளிலிருந்து அந்தக் கைபேசி தெருவுக்கே பேசுகிறது.

“பேர் போடச் சொல்றாங்க. அக்கா படிப்பா.”

அந்தப் பக்கம் பல் குடையும் கருவி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. யாரோ ஒரு நோயாளி திறந்த வாயோடு காத்திருந்திருக்க வேண்டும்.

“என் பேரையும் சேத்துப் போடு,” என்றார் டாக்டர். “நடுங்காம எழுது. அச்சுக்கோக்கறவருக்குப் புரியணும்.”

ஐயா திரும்பி வந்து, நின்றபடியே எழுதினார். தலைவர் இரண்டு பெயரையும் வாசித்தார்.

“பல் டாக்டரா? அவர் உங்களுக்கு என்ன வேணும்?”

“எங்க வீட்டுக்காரர்.”

சத்தமாகச் சொல்லவில்லை. மெய்ப்பில் ஒரு திருத்தம் சொல்கிற குரலில்தான் சொன்னார். தலைவர் பல்லைக் கடித்தார். அந்தப் பல்லும் டாக்டர் கட்டியது. பிறகு அழிப்பானை எடுத்தார். தாம் இழுத்த சிவப்புக் கோட்டைத் தாமே அழித்தார்.

“பேரு ரெண்டும் ஒரே வரியில வரணும். ஒடச்சிப் போட்டா நல்லா இருக்காது,” என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

தொகுதி வந்தது. அக்கா வழக்கம்போல் அன்றே வாங்கிவிட்டதாகப் புத்தகக் கடைக்காரர் சொன்னார். ஆனால் வழக்கமாக வரும் தொலைபேசி வரவில்லை. அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை. இணையற்ற நிதானம் கொண்ட நம் ஐயா, மணி அடிக்காத கைபேசியைப் பழுது பார்க்கக் கொடுத்தார். கடைக்காரர் ஒரு பழுதும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். ஐயா வேறு கடைக்கு எடுத்துப்போனார்.

பெருந்தகையீர்! இனித் தங்களிடமே பேசுகிறோம். நேற்று அக்கா அழைத்தார்கள். தங்களை அல்ல, அலுவலகத்தை. எடுத்தவர் சொல்லடைவு அம்மா. அவர் ஒரு சொல்லும் விடாமல் ஒப்பித்ததை அப்படியே வாசிக்கிறோம்.

“புத்தகத்த ஒரு தரத்துக்கு மூணு தரம் படிச்சேம்மா. முதல் தரம் கோவம் வந்துச்சு. இத்தன வருஷம் எங்கிட்ட சொல்லாம இருந்தானேன்னு. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரங்கள உக்கார வச்சு வாசிச்சேன், ரெண்டு பேர் பேரையும் சேத்துத்தான் வாசிச்சேன். கொஞ்சம் நீளம்னாங்க. எழுந்து போக விடல. நாளைக்கு விழாவுல டாக்டருக்குப் பக்கத்துல எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைங்க. தம்பிகிட்ட சொல்லாதீங்க, ராத்திரி தூங்க மாட்டான்.”

அவர்கள் சொற்படி நடந்தோம். நாற்காலியும் போட்டோம், தங்களிடம் சொல்லவும் இல்லை.

வழிகாட்டி வாழ்ந்தவரே! தாங்களும் தங்கள் வீட்டுக்காரரும் நோயின்றி, நொடியின்றி, கூடுமானவரை சொந்தப் பல்லோடு, பல்லாண்டு வாழ வாழ்த்துகிறோம். இம்மடலைச் சட்டமிட்டிருக்கிறோம். எந்தச் சுவரில் மாட்டுவது என்று இருவரும் சண்டை போடுங்கள். முடிவு ஆகாவிட்டால் அக்காவைக் கேளுங்கள்.

இவ்வண்ணம்,
எல்லாப் பிரிவுகளையும் சேர்ந்த
கலைக்களஞ்சியப் பணிமனை ஊழியர்கள்